‘எக்ஸ்பிஎஸ் சோதனையில் உறுதியானது’ என்று அச்சிடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய வினையூக்கி, புதிய மின்கலப் பொருள், வெயிலில் நீரைப் பிளக்கும் தூள் என நம் கல்லூரி ஆய்வகங்களில் இருந்து வரும் செய்திகள் பெருகியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. அவற்றில் பலவற்றில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: “எக்ஸ்பிஎஸ் சோதனையில் இது உறுதி செய்யப்பட்டது.” எக்ஸ்பிஎஸ் என்பது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, வெளிவரும் எலக்ட்ரான்களை அளக்கும் ஒளிஉமிழ்வு நிறமாலை முறை. அந்தக் கருவி எதையும் தானாக உறுதி செய்வதில்லை. ஒரு பரப்பிலிருந்து எந்த ஆற்றலில் எத்தனை எலக்ட்ரான்கள் வந்தன என்று எண்ணித் தருகிறது, அவ்வளவுதான். அந்த எண்ணிக்கையை வேதியியலாக மாற்றும் இடத்தில் ஒரே பிழை மறுபடி மறுபடி நடக்கிறது: அணு இல்லாத ‘ஆக்சிஜன் காலியிடத்தை’க் கருவி நேராகக் கண்டதாக எழுதுவது. மாணவர்களும் வழிகாட்டிகளும் படிக்கும் நாளிதழ் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

அளவீட்டின் அடிப்படை எளிது. அலுமினியத்திலிருந்து வரும் 1486.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எக்ஸ் கதிர் மாதிரியின் மீது விழுகிறது. அணுவின் உள்கூட்டில் இருக்கும் எலக்ட்ரான் அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. கொடுத்த ஆற்றலில் இருந்து, வெளிவந்த எலக்ட்ரானின் வேகத்துக்குரிய ஆற்றலையும் கருவியின் வெளியேற்று ஆற்றலையும் (எலக்ட்ரான் பரப்பை விட்டு வெளியேறச் செலவாகும் ஆற்றல்) கழித்தால் பிணைப்பு ஆற்றல் கிடைக்கும். அது தனிமத்துக்குத் தனிமம் வேறு. ஒரே தனிமமும் ஆக்சைடாக இருந்தால் ஓரிடத்திலும் உலோகமாக இருந்தால் வேறிடத்திலும் முகடு (எலக்ட்ரான் எண்ணிக்கை உயர்ந்து நிற்கும் இடம்) காட்டும். சிலிக்கான் 2பி முகடு (2பி, 1எஸ் என்பவை எலக்ட்ரான் கிளம்பும் உள்கூட்டின் பெயர்கள்) தூய சிலிக்கானில் 99.3 எலக்ட்ரான் வோல்ட்டில் வரும், சிலிக்கான் டை ஆக்சைடில் 103.5-ஐ ஒட்டி வரும். இந்த நகர்வைக் கொண்டு வேதியியலைப் படிக்கலாம் என்று ஸ்வீடனின் உப்சாலாவில் காட்டிய காய் சீக்பானுக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எக்ஸ் கதிர் ஆழமாகப் போகும். ஆனால் எலக்ட்ரான் அங்கிருந்து ஆற்றல் இழக்காமல் வெளியே வர முடியாது. டைட்டானியம் டை ஆக்சைடில் டைட்டானியம் 2பி எலக்ட்ரான் சுமார் 1030 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் கிளம்புகிறது. மோதாமல் அது கடக்கும் சராசரித் தொலைவு ஏறக்குறைய 2 நானோமீட்டர். அதைப்போல மூன்று மடங்கு ஆழத்துக்குள் இருந்தே 95 சதவீத சமிக்ஞை வந்துவிடும். ஆக, கருவி பார்ப்பது மேலே இருக்கும் 6 நானோமீட்டரைத்தான். காற்றில் வைத்த எந்தப் பொருளின் மீதும் 1 முதல் 2 நானோமீட்டர் கனத்துக்குக் கரிமப் படலம் தானாகப் படிந்துவிடும். அளக்கும் ஆழத்தில் கணிசமான பங்கு அந்த அழுக்குக்கே போய்விடுகிறது என்பதை மனத்தில் இருத்தினால் மீதி எல்லாம் புரியும்.

எனவே வேலை கருவி அறையில் தொடங்குவதில்லை. மாதிரியைப் பொதியும் இடத்தில் தொடங்குகிறது. பெரும்பாலான தூள்கள் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில்தான் வந்து சேர்கின்றன. அந்த உறையில் இருக்கும் மென்மையூட்டிகளும் சிலிக்கோனும் பரப்புக்கு ஏறும். பிறகு 102 எலக்ட்ரான் வோல்ட் அருகே சிலிக்கான் முகடு தெரியும். மாணவரோ தன் பொருளில் சிலிக்கான் எங்கிருந்து வந்தது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார். சுத்தமாகக் கழுவி, அடுப்பில் உலர்த்திய கண்ணாடிக் குப்பியே போதும். மெல்லிய படலமானால் கண்ணாடிப் பெட்ரி தட்டில் முகம் மேலே பார்க்க வையுங்கள். எதுவும் பரப்பைத் தொடக் கூடாது. பவுடர் பூசாத கையுறை அணியுங்கள். கையுறை போட்டிருந்தாலும் அளக்கும் முகத்தைத் தொடாதீர்கள். கடைசிக் கழுவலுக்குப் பிளாஸ்டிக் பீய்ச்சுக் குப்பியில் நாள்கணக்கில் நின்ற ஐசோபுரொப்பனாலை எடுக்காதீர்கள். கண்ணாடிப் புட்டியில் இருந்து நேராக ஊற்றுங்கள்.

தூளை ஏற்றுவதற்குப் பலரும் கார்பன் நாடாவைப் பயன்படுத்துகிறார்கள். தூள் நாடாவை முழுக்க மூடாவிட்டால் நாடாவின் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து அளவிடப்படும். இண்டியம் தகட்டில் அழுத்திப் பதிப்பதோ வில்லையாக அழுத்திக் கொடுப்பதோ மேல். சோடியம் ஹைட்ராக்சைடோ சோடியம் போரோஹைட்ரைடோ இட்டுச் செய்த தூளைச் சரியாகக் கழுவாமல் அனுப்பினால் சோடியத்தின் ஆஜெர் வரி (உள்கூட்டில் எலக்ட்ரான் இழந்த அணு தணியும்போது வெளியேற்றும் இன்னோர் எலக்ட்ரானின் முகடு) ஒன்று ஆக்சிஜன் 1எஸ் பகுதியின் உயர் ஆற்றல் பக்கத்தில், 536-ஐ ஒட்டி, வந்து நிற்கும். அதை நீர் என்று பெயரிட்ட படங்களும் அச்சாகியிருக்கின்றன.

நுண்துளைப் பொருள்கள், பாலிமர், ஜியோலைட் ஆகியவற்றை முந்தின இரவே வெற்றிட அடுப்பில் உலர்த்தியாக வேண்டும். இல்லையென்றால் அறைக்குள் போனதும் நீராவியைக் கக்கிக்கொண்டே இருக்கும், அழுத்தம் இறங்காது, அன்றைய வரிசை முழுக்கத் தள்ளிப்போகும். உங்கள் மாதிரியில் தனிமக் கந்தகமோ அயோடினோ பாதரசமோ இருந்தால் கருவியை இயக்குபவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். லித்தியம்–கந்தக மின்கல மின்வாய்களில் இருக்கும் கந்தகம் வெற்றிடத்தில் ஆவியாகி அறைச்சுவரில் படியும். உங்கள் அளவீடும் கெடும், அடுத்து வரும் எல்லாருடைய அளவீடும் கெடும்.

வெற்றிடம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் சுமார் 10¹⁵ அணுக்கள் இருக்கின்றன. அழுத்தம் 10⁻⁶ டார் (டார் என்பது அழுத்த அலகு) என்றால், மோதும் வாயு மூலக்கூறுகள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் பட்சத்தில் ஏறக்குறைய ஒரே நொடியில் ஓர் அடுக்கு படிந்துவிடும். 10⁻⁹ டாரில் கால் மணி நேரம் கிடைக்கும். 10⁻¹⁰-இல் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அறையை 120 முதல் 150 டிகிரி வரை சூடாக்கி ஒன்றிரண்டு நாள் வாட்டி எடுப்பது, எஃகுச் சுவரில் ஒட்டிய நீரை விரட்டி இந்த அவகாசத்தைச் சம்பாதிப்பதற்காகத்தான்.

அடுத்தது மின்னூட்டம். எலக்ட்ரான்கள் போய்க்கொண்டே இருந்தால் மின்கடத்தாப் பொருளில் நேர்மின்னூட்டம் தேங்கும். முகடுகள் எல்லாம் உயர் பிணைப்பு ஆற்றல் பக்கம் தள்ளிப்போகும். அதை ஈடுகட்டச் சில எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்களைப் பரப்பில் பொழிவார்கள். மாதிரியின் ஒரு பகுதி உலோகத் தாங்கியைத் தொட்டுக்கொண்டும் மறுபகுதி தொடாமலும் இருந்தால் இரண்டும் வேறு வேறு அளவு நகரும். ஒரே வேதிநிலை இரட்டை முகடாகத் தெரியும். இது உண்மையான இரண்டு நிலையா, மின்னூட்டமா என்று கண்டறிய எளிய வழி உண்டு. பொழியும் எலக்ட்ரான்களின் அமைப்பை மாற்றி மறுபடி அளந்து பாருங்கள். இரு முகடுகளுக்கும் இடையே உள்ள தூரம் மாறினால் அது வேதியியல் அல்ல. அப்படிப்பட்ட மாதிரியைத் தாங்கியில் இருந்து முழுமையாகக் காப்பிட்டு ஏற்றுவதே நல்லது.

பிறகு எல்லா நிறமாலைகளையும் நகர்த்தி, கரிமப் படலத்தின் முகட்டை 284.8-இல் நிறுத்துவது வழக்கம். பழகிப்போன வழி, பல சமயம் தவறான வழியும்கூட. அந்தப் படலம் எந்தப் பொருளின் மீது உட்கார்ந்திருக்கிறதோ அதன் வெளியேற்று ஆற்றலைப் பொறுத்து அதன் முகடு நகர்கிறது. அந்த வேறுபாடு 2 எலக்ட்ரான் வோல்ட்டையும் தாண்டலாம் என்று ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் கட்டுரைகளில் 0.2 எலக்ட்ரான் வோல்ட் நகர்வை வைத்து “வலுவான எலக்ட்ரான் பரிமாற்றம்” என்று முடிவு எழுதுகிறோம். அளவுகோலே 0.2 ஆடும்போது அந்த முடிவுக்கு என்ன ஆதாரம்? உலோகத் தன்மையுள்ள மாதிரியானால் ஃபெர்மி விளிம்பை (எலக்ட்ரான்கள் நிரம்பிய மட்டங்களின் மேல் எல்லை) சுழியமாக எடுக்கலாம். அல்லது ஒரே நிறமாலைக்குள் இருக்கும் இரு முகடுகளின் வித்தியாசத்தைப் பார்க்கலாம். மின்னூட்டம் இரண்டையும் ஒன்றாக நகர்த்துவதால் வித்தியாசம் மாறாது. டைட்டானியம் டை ஆக்சைடில் ஆக்சிஜன் 1எஸ்ஸுக்கும் டைட்டானியம் 2பி-3/2க்கும் (2பி இரண்டாகப் பிரிந்து வரும் முகடுகளில் பெரியது) இடையே சுமார் 71.4 எலக்ட்ரான் வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் மாதிரியையோ முகட்டுப் பிரிப்பையோ மறுபடி பாருங்கள்.

இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறோம். ஆக்சைடு தூள்களின் ஆக்சிஜன் 1எஸ் நிறமாலையில் 530-ஐ ஒட்டி ஒரு பெரிய முகடும், 531.5-ஐ ஒட்டி ஒரு தோளும் (முகட்டின் பக்கத்தில் ஒட்டிய புடைப்பு) இருக்கும். அந்தத் தோளை “ஆக்சிஜன் காலியிடம்” என்று குறித்து, அதன் பரப்பளவைக் கொண்டு இத்தனை சதவீதக் காலியிடம் என்று எழுதுவது ஒரு மரபாகவே ஆகிவிட்டது. ஒளிவினையூக்கி, மீமின்தேக்கி, வாயு உணரி எதை எடுத்தாலும் இந்தப் படம் இருக்கிறது. காலியிடம் என்றால் அங்கே அணு இல்லை. அணு இல்லாத இடத்தில் 1எஸ் எலக்ட்ரானும் இல்லை. இல்லாத எலக்ட்ரான் எப்படிக் கருவிக்குள் வரும்?

காலியிடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் அணுவின் முகடு நகரலாமே என்று பதில் வருவதுண்டு. நகரலாம், ஆனால் ஒன்றரை எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குத் தனி முகடாக விலகி நிற்காது. 531-க்கும் 532-க்கும் இடையே இயல்பாகவே வரக்கூடியவை ஏராளம்: பரப்பில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி, கார்பனேட், கரிமப் படலத்தில் இருக்கும் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்புகள். ஒட்டிய நீர் இன்னும் மேலே, 533-ஐ ஒட்டி. நீர்க்கரைசலில் செய்து காற்றில் உலர்த்திய தூளில் இவை இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சோதிப்பதும் கடினமில்லை. கார்பன் 1எஸ் நிறமாலையில் 286-இலும் 288–289-இலும் எவ்வளவு இருக்கிறது என்று எடுத்து, அந்தக் கார்பன்களோடு ஒட்டியிருக்க வேண்டிய ஆக்சிஜன் எவ்வளவு என்று கணக்கிடுங்கள். தோளின் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துபோவதைப் பல மாதிரிகளில் காணலாம். மீதியை ஹைட்ராக்சில் எடுத்துக்கொள்ளும். வெற்றிடத்திலேயே மெல்லச் சூடாக்கி மறுபடி அளந்தால் தோள் சுருங்கும். சூடாக்கினால் காலியிடம் குறையாது, கூடவே செய்யும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

காலியிடம் உண்மையில் இருந்தால் அதன் தடம் உலோகத்தின் பக்கம் தெரியும். டைட்டானியத்தில் நான்கு ஏற்ற நிலை (Ti⁴⁺) 458.6-ஐ ஒட்டி, மூன்று ஏற்ற நிலைக்கான (Ti³⁺) தோள் 457-ஐ ஒட்டி வர வேண்டும். ஹீலியம் விளக்கின் 21.2 எலக்ட்ரான் வோல்ட் புறஊதாக் கதிரால் இணைதிறன் பட்டையை (வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் இருக்கும் ஆற்றல் பகுதி) அளந்தால், பட்டை இடைவெளிக்குள் (சாதாரணமாக எலக்ட்ரான் மட்டம் இல்லாத பகுதி), ஃபெர்மி மட்டத்துக்குச் சுமார் 1 எலக்ட்ரான் வோல்ட் கீழே, ஒரு சிறு மேடு தென்படும். கூடவே இணையற்ற எலக்ட்ரான்களைக் காட்டும் எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு அளவீடும் ஒத்துப்போனால் தைரியமாக எழுதலாம். இங்கும் ஒரு பொறி இருக்கிறது. பரப்பைத் துப்புரவாக்க ஆர்கான் அயனிகளால் அடித்தால் ஆக்சிஜன் முதலில் தெறித்துப்போகும். மூன்று ஏற்ற டைட்டானியம் அங்கேயே உண்டாகிவிடும். அடித்த பிறகு எடுத்த நிறமாலையைக் காட்டி “எங்கள் பொருளில் குறைபாடுகள் நிறைய” என்று சொல்வது, கருவி செய்த காயத்தைப் பொருளின் குணமாகச் சொல்வதாகும். காப்பர் ஆக்சைடும் இப்படித்தான் ஒடுங்கும். நீண்ட நேரம் எக்ஸ் கதிரில் வைத்தாலே சில மாதிரிகளில் அது நடக்கும். முதலில் எடுத்த பகுதியைக் கடைசியில் மறுபடி எடுத்து ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

செம்பைத் தொட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறோம். உலோகச் செம்புக்கும் ஓரேற்றச் செம்புக்கும் 2பி முகட்டில் பிரிக்கத்தக்க வேறுபாடு இல்லை, இரண்டும் 932.5-ஐ ஒட்டியே வரும். பிரித்துக் காட்டுவது ஆஜெர் வரி, அதைப் பிணைப்பு ஆற்றலில் அல்ல, எலக்ட்ரானின் வேகத்துக்குரிய ஆற்றலில் சொல்வது வழக்கம்: உலோகத்தில் 918.6, குப்ரஸ் ஆக்சைடில் 916.8. அந்த வரியை அளக்காமல் விகிதம் எழுத முடியாது. ஈரேற்ற ஆக்சைடு 940–945 பகுதியில் துணை முகடுகளைக் காட்டிக்கொடுத்துவிடும். நைட்ரஜன் கலந்த மாலிப்டினப் பொருள்களில் நைட்ரஜன் 1எஸ் என்று காட்டப்படுவது மாலிப்டினம் 3பி-3/2 ஆக இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டும் ஒரே பகுதியில் வருகின்றன.

இத்தனையும் ஒளிஉமிழ்வு. இது என்ன இருக்கிறது என்று சொல்லும். எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லாது. அதற்கு எலக்ட்ரானைப் பரப்பில் எறிந்து, சிதறி வருவதைப் பார்க்க வேண்டும். 1925-இல் நியூயார்க்கில் இயற்பியலாளர்கள் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் மீது எலக்ட்ரான்களை எறிந்துகொண்டிருந்தபோது திரவக் காற்றுக் குப்பி வெடித்து, சூடான நிக்கல் ஆக்சைடாகிவிட்டது. அதைச் சுத்தம் செய்ய நீண்ட நேரம் சூடாக்கினார்கள். சிறு சிறு படிகங்கள் சேர்ந்து பெரிய படிகங்களாயின. அதன்பின் சிதறல் கோணங்களே மாறிப்போயின. 1927-இல் 54 எலக்ட்ரான் வோல்ட்டில் 50 டிகிரி கோணத்தில் அவர்கள் கண்ட கற்றை, எலக்ட்ரான் ஓர் அலை என்பதற்குச் சான்றானது. 54 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அலைநீளம் 1.67 ஆங்ஸ்ட்ராம், நிக்கல் பரப்பின் அணு வரிசை இடைவெளியான 2.15-ஐ 50 டிகிரியின் சைன் மதிப்பால் பெருக்கினால் 1.65. பள்ளி மாணவரே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு.

இன்று ‘லீட்’ என்று ஆய்வகங்களில் சொல்லப்படும் குறைந்த ஆற்றல் எலக்ட்ரான் விளிம்பு விளைவு இதன் வாரிசு. 20 முதல் சில நூறு எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கற்றை படிகத்தில் பட்டுத் திரும்புகிறது. ஆற்றல் இழந்தவற்றைக் கம்பி வலைகள் தடுத்துவிட, இழக்காதவை 5 கிலோ வோல்ட் அளவில் முடுக்கப்பட்டு ஒளிர்திரையில் மோதுகின்றன. வாசல் கோலத்துக்கு வைத்த புள்ளிகள் போல ஒழுங்கான புள்ளிகள் தெரியும். ஆற்றலைக் கூட்டினால் புள்ளிகள் நடுப்புள்ளியை நோக்கி நெருங்கி வரும். அப்படி நெருங்காமல் எல்லாம் ஒரே பக்கமாக விலகினால் காந்தப்புலத்தையோ, சூடேற்றும் மின்னோட்டத்தையோ சந்தேகியுங்கள். இவ்வளவு குறைந்த ஆற்றலில் புவிக்காந்தமே கற்றையை வளைக்கும். புள்ளிகள் மங்கிப் பின்னணி வெளுத்தால் பரப்பு ஒழுங்கிழந்திருக்கிறது அல்லது அழுக்கேறியிருக்கிறது.

பரப்பைத் தயாரிப்பது எவ்வளவு நுட்பமானது என்பதற்குச் சிலிக்கான் (111) என்னும் படிக முகம் ஒரு நல்ல பாடம். துண்டை மாலிப்டினம் அல்லது டாண்டலம் பிடிகளில் பொருத்தி, அதன் வழியே மின்னோட்டம் செலுத்திச் சுமார் 600 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வாயு நீக்க வேண்டும். பிறகு சில நொடிகள் மட்டும் 1200 டிகிரிக்கு ஏற்றி இறக்க வேண்டும். அப்போது அழுத்தம் 10⁻⁹ டாரைத் தாண்டினால் உடனே நிறுத்தி, இறங்கும்வரை காத்திருந்து மறுபடி. கடைசி ஏற்றத்துக்குப் பின் 900 டிகிரிவரை சட்டென இறக்கலாம். அதற்குக் கீழே, குறிப்பாக 850 டிகிரியை ஒட்டி, மெல்லத்தான் இறக்க வேண்டும். அந்த இடத்தில்தான் பரப்பு அணுக்கள் 7×7 என்ற பெரிய அடுக்கில் வந்து அமர்கின்றன. சரியாக அமைந்தால் முதன்மைப் புள்ளிகளுக்கு இடையே ஆறு ஆறு சிறு புள்ளிகள் கூர்மையாகத் தெரியும். துருப்பிடிக்காத எஃகுச் சாமணத்தால் துண்டை எடுத்தவருக்கு அது கிடைக்காது. எஃகில் இருக்கும் நிக்கல் தடம் சிலிக்கானுக்குள் போய், சூடாக்கும்போது பரப்புக்கு ஏறி, √19 என்ற வேறொரு அடுக்கை உண்டாக்கிவிடும். பீங்கான் சாமணம் வாங்கி வையுங்கள்.

கல்லூரி நிர்வாகங்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் சில வேண்டுகோள்கள். பணம் கட்டி அளக்கக் கொடுக்கும்போது வெறும் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மூலத் தரவுக் கோப்பு, முழு வீச்சு நிறமாலை, அளவுத்திருத்தப் பதிவு மூன்றையும் கேளுங்கள். தங்கத்தின் 4எஃப்-7/2 முகடு 84.0-இலும் செம்பின் 2பி-3/2 முகடு 932.6-இலும் இருந்ததா என்று அந்தப் பதிவில் பாருங்கள். எக்ஸ் கதிர் மூலம், பகுப்பானின் கடப்பு ஆற்றல், படி அளவு, மின்னூட்டத்தை ஈடுகட்டிய முறை ஆகியவை கட்டுரையின் செய்முறைப் பகுதியில் இருக்க வேண்டும். முகட்டைப் பிரிக்கும்போது 2பி இணைக்கு 1:2, 3டி இணைக்கு 2:3, 4எஃப் இணைக்கு 3:4 என்ற பரப்பளவு விகிதத்தைக் கட்டாயமாக்குங்கள். மென்பொருள் தானாக அதைச் செய்யாது. டைட்டானியத்தின் 2பி-1/2 மட்டும் இயல்பாகவே அகலமானது. அதற்கு அகலத்தை விட்டுக்கொடுங்கள். முடிந்தால் மாணவரையே அளவீட்டு நாளில் கருவியின் பக்கத்தில் உட்கார வையுங்கள். பரப்புக்குக் கீழே புதைந்த அடுக்கைப் பார்க்க வேண்டியிருந்தால் அயனியால் சுரண்டுவதற்குப் பதில், இந்தூரில் இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் (எலக்ட்ரான்களைச் சுழற்றி வலுவான எக்ஸ் கதிர் தரும் இயந்திரம்) உள்ள கடின எக்ஸ் கதிர் ஒளிஉமிழ்வுத் தடத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆற்றல் கூடினால் எலக்ட்ரான் இன்னும் ஆழத்திலிருந்து வெளிவரும்.

உங்கள் செய்தியாளர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்த முறை “எக்ஸ்பிஎஸ்ஸில் உறுதியானது” என்று ஒரு செய்திக்குறிப்பு வரும்போது ஆய்வாளரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: அளவுகோலை எதை வைத்துச் சரிசெய்தீர்கள்? இதே முடிவை வேறு எந்த முறையில் பார்த்தீர்கள்? பதிலையும் செய்தியோடு சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பரப்பு ஆய்வுக் கருவிகளில் பணிபுரியும் சிலர்,
சென்னை